புத்தகப்பைக்குள் அடங்கின ஒரு தொலைகாட்டி

2022 பங்குனிக் கடைசி. நாடு முழுக்க ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். புழுக்கம் தாங்கேலாமல் எங்களில ஒருத்தியின் வீட்டு மொட்டைமாடியில் போய்ப் பாய் விரிச்சுப் படுத்தோம். யாழ்ப்பாணம் ரவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு, வானத்தில் இவ்வளவு வெள்ளி இருக்கிறது அண்டைக்குத்தான் தெரிய வந்தது. தெற்குப் பக்கமாக, தென்னை வட்டுகளுக்கு மேலால நாலு வெள்ளி, நூல் அறுந்த பட்டம் மாதிரிச் சரிஞ்சு நிண்டுது. போனில் மிச்சமிருந்த 6 வீதம் சார்ஜில் தேடிப் பார்த்தோம். தென்சிலுவை.

கீழே இருந்து அம்மம்மா கூப்பிட்டா. "இருட்டுக்குள்ள அண்ணாந்து என்னத்தைப் பாக்கிறியள்? இறங்கி வாங்கோ பிள்ளையள்."

"வெள்ளி பாக்கிறம் அம்மம்மா. நீங்களும் வாங்கோ."

"நாங்கள் பாத்தது காணும்."

அம்மம்மா வேலணை. 1990இல் தீவுப்பகுதியை விட்டு வெளிக்கிட்ட சனங்களில ஒரு ஆள். அந்த வருசத்தில் இருந்து யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்காகக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குள்ள ஜாம் போத்தல் விளக்கு. ரேடியோவில செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு டைனமோ சுத்தின காலம். இண்டைக்கு வெள்ளி பாக்கிற ஆக்கள் காசு செலவழிச்சுத் தேடிப்போற இருட்டு, எங்கட ஆக்களின் தலைக்கு மேலே சும்மா கிடந்தது. அவர்களும் அண்ணாந்து பார்த்தவர்கள்தான், பொம்பர் வருதோ, ஹெலி வருதோ என்று. அம்மம்மா சொன்ன "காணும்" அது.

அந்த மாடியில்தான் நாங்கள் ஐந்து பேரும் ஒரு தொலைகாட்டி வாங்கிறது என்று முடிவெடுத்தோம். வாங்கி முடிக்க மூன்று வருசம் போனது. அதில் முதல் வருசத்தை ஒரு பிழையான சாமானில் தொலைச்சோம். நீங்களும் அப்படித் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் வாங்கினது ஒரு கடையில், பெட்டியில் சனிக்கோளின் படமும் "525 மடங்கு" என்ற பெரிய எழுத்தும் போட்ட ஒன்று. 76 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆடி, 700 மில்லிமீற்றர் குவியத்தூரம், மெல்லிய அலுமினியக் கால்கள். வீட்டை கொண்டுவந்து பூட்டி, ஆகக் கூடின உருப்பெருக்கத்தைப் போட்டு வியாழனைத் தேடினோம். அரைமணித்தியாலம் தேடிக் கிடைச்சது ஒரு கலங்கல் வெளிச்சம். குவியம் சரிசெய்யக் கைவைச்சால் அதுவும் துள்ளி ஓடிச்சுது. "உது ரோட் லைற்றோ?" என்று எங்களில ஒருத்தன் கேட்டான். அவன் பகிடிக்குக் கேட்கேல்லை.

வெட்கம் என்னெண்டால், நாங்கள் ஐந்து பேரும் ஏ.எல். பௌதிகவியல் செய்த ஆக்கள். உருப்பெருக்கம் என்பது பொருளியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது. பரீட்சையில் இதுக்குப் புள்ளி எடுத்திருக்கிறோம். கடையில் நிற்கும்போது ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை. 700ஐ 4ஆல் வகுத்தால் 175. பெட்டிக்குள் கிடந்த மூன்று மடங்கு பெருக்கும் வில்லையையும் இடையில் போட்டால் 525. கணக்கு சரிதான். ஆனால் எந்த நல்ல தொலைகாட்டிக்கும் பிரயோசனமான உச்ச உருப்பெருக்கம், அதன் வாய் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருகிற அளவுதான். 76க்கு ஏறக்குறைய 150. அதற்கு மேலே போனால் படம் பெரிசாகும், விபரம் கூடாது. வெளிச்சம் மட்டும் குறைஞ்சுகொண்டு போகும். தேத்தண்ணிக்குத் தண்ணி விட்டுவிட்டு ஆறு பேருக்குக் குடுக்கிற மாதிரி.

ஆகவே முதல் விதி இது. பெட்டியில் உருப்பெருக்கத்தைப் பெரிசாகப் போட்டு விற்கிற எதையும் வாங்காதேங்கோ.

இன்னொன்று, அந்தப் பெட்டிக்குள் பார்வைத்துண்டில் பூட்டிறதுக்குச் "சூரியன்" என்று எழுதின ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. பொருளி சேர்த்துக் குவிக்கிற வெய்யில் முழுக்க அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் வந்து விழும். சூட்டில் அது வெடிச்சால் அடுத்தது உங்கட கண். எங்கடதை உடைச்சு எறிஞ்சோம். சூரியனைப் பார்க்கிறதென்றால் குழாயின் முன்வாயை முழுதாக மூடுகிற, அதற்கென்றே செய்த வடி வேணும். இல்லையென்றால் பார்க்கிற எண்ணமே வேண்டாம்.

தொலைகாட்டி அலுமாரிக்கு மேலே ஏறிச்சுது. அந்த இடைவெளியில் எங்களைக் காப்பாத்தினது ஒரு மாமாவிடம் இரவல் வாங்கின பழைய 10x50 இருகண் நோக்கி. வெறும் பத்து மடங்கு. மதிலில் முழங்கையை ஊண்டிக்கொண்டு பார்த்தால் வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நிலவுகள் தெரிஞ்சுது. கார்த்திகை வெள்ளிகள் ஆறு இல்லை, கைநிறைய அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. கலிலியோ 1610இல் வியாழனின் நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய இருபது மடங்கு பெருக்கிற குழாயால்தான். எங்களிட்ட குறைஞ்சிருந்தது மடங்கு இல்லை. நல்ல கண்ணாடியும் ஆடாத காலும்தான். கையில் காசு குறைவு என்றால் இன்றைக்கும் நாங்கள் சொல்லுறது, முதலில் ஒரு நல்ல இருகண் நோக்கியை வாங்குங்கோ. பிறகு தொலைகாட்டி வாங்கினாலும் அது வீண்போகாது.

திரும்பக் காசு சேர்க்கத் தொடங்கினோம். சரியான நேரம்தான்! 2022 பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கிட்ட நிண்ட டொலர், வைகாசியில் 360ஐத் தொட்டிருந்தது. சேர்க்கிற காசு எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே சிறுத்தது. ரியூஷன் குடுத்த காசு, ஒருத்தியின் முதல் சம்பளம், கனடாவில் இருந்து வந்த ஒரு பிறந்தநாள் காசு. இந்தமுறை பிழைக்கக்கூடாது என்ற பயத்தில் வாசிச்சு வாசிச்சு, கடைசியில் மூன்றில் வந்து நிண்டோம்.

ஒன்று, 90 மில்லிமீற்றர் வில்லையும் 900 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட நேர்க்குழாய். சந்திரனும் கிரகங்களும் கூர்மையாகத் தெரியும். அதே வில்லையைக் கட்டையான குழாயில் போட்டு மலிவாகச் செய்தால், பிரகாசமான கிரகங்களைச் சுத்தி ஊதா விளிம்பு கட்டும். நீளம் கூட இருந்தால் அந்தக் குறை குறையும்.

இரண்டு, மேசையில் வைக்கிற 130 மில்லிமீற்றர் டொப்சன் வகை. ஜோன் டொப்சன் என்ற மனுசன் சான் பிரான்சிஸ்கோவின் தெருமூலைகளில் தொலைகாட்டியை வைத்துப் போறவாற சனத்துக்கு வானம் காட்டினவர். அவர் கண்டுபிடிச்ச எளிமையான பெட்டித் தாங்கியில் இருப்பதால் அவர் பெயர். குடுக்கிற காசுக்கு ஆகக் கூடின வெளிச்சத்தைத் தருவது இதுதான். 90ஐ விட 130 ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம் சேர்க்கும்.

மூன்று, 90 மில்லிமீற்றர் மக்சுதோவ். முன்னுக்கு வளைஞ்ச தடிச்ச கண்ணாடி, பின்னுக்கு ஆடி. வெளிச்சத்தை உள்ளுக்குள்ளேயே மடிச்சு மடிச்சு அனுப்பிறதால 1250 மில்லிமீற்றர் குவியத்தூரம் ஒரு முழம்கூட இல்லாத குழாய்க்குள் அடங்கும்.

தாங்கியைப் பற்றியும் சொல்ல வேணும். ஐரோப்பாக்காரர், அமெரிக்கர் எழுதின வழிகாட்டிகளை அப்படியே நம்பினால் எங்கட இடத்துக்குச் சரிவராது. அவர்கள் கனபேர் புகழுகிற மத்தியகோட்டுத் தாங்கி, தன் அச்சைத் துருவ வெள்ளியை நோக்கி வைத்துக்கொண்டு சுத்துகிறது. யாழ்ப்பாணம் வடக்கு அகலாங்கு 9.7 பாகையில் இருக்கு. துருவ வெள்ளியும் எங்களுக்கு அடிவானத்தில் இருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். நீட்டின கையில் ஒரு முட்டிக்கை உயரம். பனையும் மதிலும் அதை மறைச்சுப் போடும். தெரிஞ்சாலும், மலிவான தாங்கிகள் கனக்க அவ்வளவு தாழ வளையாது. வளைஞ்சால் எதிர்நிறை வந்து காலில் இடிக்கும். படம் எடுக்கிற எண்ணம் இல்லாத எங்களுக்கு மேலே கீழே, இடம் வலம் என்று அசைகிற சாதாரணத் தாங்கியே காணும்.

ஆனால் அதே 9.7 பாகைதான் எங்கட அதிர்ஷ்டமும். இங்கே வியாழனும் சனியும் உச்சிக்குக் கிட்ட ஏறும். லண்டன்காரர் ஊரில் இருந்து ஒருநாளும் காணமுடியாத தென்வானமும் எங்களுக்குக் கிடைக்கும்.

எங்கட மனம் முதலில் நிண்டது நீளக் குழாயில்தான். பார்க்கவும் அதுதான் "ரெலஸ்கோப்" மாதிரி இருந்தது. ஒரு பின்னேரம் வீட்டு விறாந்தையில் இருந்து அதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்க, அரிசி புடைச்சுக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டா.

"உந்த நீளக் குழாயை எங்க கொண்டுபோய்ப் பாப்பியள்?"

"வேலணைக்கு, மணற்காட்டுக்கு. இருட்டான இடத்துக்குத்தான் அம்மா."

"எதில போவியள்?"

"பஸ்ஸில."

"சரி. உதைத் துணியில சுத்தி, காலையும் தோளில வச்சுக்கொண்டு, ராப் பத்து மணிக்குக் கடற்கரை றோட்டால நடந்து போங்கோ. தூரத்தில நிண்டு பாக்கிறவனுக்கு அது என்னவாத் தெரியும் எண்டு யோசிச்சனீங்களே?"

சிரிச்சோம். பிறகு சிரிப்பு நிண்டு போச்சு. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகான நாட்களில் எங்களில ஒருத்தனை ஒரு சந்தியில் மறிச்சு, கமெரா முக்காலி இருந்த நீளப் பையைத் திறக்கச் சொல்லி, ஒரு மணித்தியாலம் வெய்யிலில் நிக்க வைச்சது எங்களுக்குத் தெரியும். அவன் அதை வீட்டில் சொல்லேல்லை. எங்களுக்கு மட்டும் சொன்னவன். அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அவன் முழுசினான். அம்மாவுக்கு அந்தக் கதை தெரியாது. அவவுக்குத் தெரிஞ்சது வேற கதைகள்.

நாங்கள் வாசிச்ச ஒரு வழிகாட்டியிலும் இந்தக் கேள்வி இருக்கேல்லை. விட்டம், குவியத்தூரம், நிறை, விலை எல்லாம் ஒப்பிட்டு அட்டவணை போட்டு வைத்திருந்தோம். இருட்டுக்குள் தூரத்தில் இருந்து பார்த்தால் இது என்னவாகத் தெரியும் என்று ஒரு நிரல் போட வேணும் என்று எங்களுக்குத் தோன்றேல்லை. ராவில் ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு யோசிக்காமல் நடக்கக்கூடிய ஊர்களில் எழுதினவை அவை. நாங்கள் அந்த நிரலைப் போட்டோம். நீளக் குழாய் அண்டைக்கே வெளியால போச்சு.

130 டொப்சனை விட மனமே வரேல்லை. அது மடிச்சால் சின்னனாகும். ஆனால் பெட்டித் தாங்கியோடு ஆறு கிலோவுக்கு மேலே, சனம் நெரிபடுகிற பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகேலாது. போற இடத்தில் ஆடாத மேசை ஒன்றும் வேணும். குழாய் திறந்தபடி இருக்கும். கடற்கரை உப்புக் காத்தும் சோளகத்தில் பறக்கிற புழுதியும் நேரே ஆடியில் படியும். பஸ் குலுக்கலில் ஆடி விலகினால் ஒவ்வொருமுறையும் நேராக்க வேணும். வாகனமும் முற்றமும் உள்ள ஆக்களுக்கு நாங்கள் இப்பவும் அதைத்தான் சொல்லுவோம். எங்களுக்கு அது இல்லை.

மிச்சம் நிண்டது மக்சுதோவ். அதைப் பற்றி வாசிக்கும்போது ஒரு விசயம் எங்களைப் பிடிச்சு நிறுத்திச்சுது. சோவியத் ஒளியியலாளர் திமித்ரி மக்சுதோவுக்கு இந்த அமைப்பு மனதில் வந்தது 1941 ஆவணியில், யுத்தத்துக்காக லெனின்கிராட்டை விட்டு இடம்பெயர்ந்து போன ரயிலில். அப்போது அவர் யோசிச்சுக்கொண்டிருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான தொலைகாட்டியைப் பற்றி. பிள்ளைகளின் கையில் ஆடி பழுதாகாமல் இருக்க முன்வாயைக் கண்ணாடியால் மூடினால் என்ன என்பதில் இருந்துதான் அந்த எண்ணம் வளர்ந்தது. இடம்பெயர்கிற ரயிலுக்குள்ளே இருந்து ஒரு மனுசன் பள்ளிக்கூடத் தொலைகாட்டி யோசிச்சிருக்கிறார். அதுக்குப் பிறகு எங்களுக்குள் வாக்கெடுப்பு தேவைப்படேல்லை.

வாங்கினது ஸ்கைவோச்சர் ஸ்கைமக்ஸ் 90. ஊருக்கு வந்த ஒரு மச்சாள் கையில் கொண்டுவாற பைக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தா. குழாய் ஒன்றரைக் கிலோ அளவு. பள்ளிக்கூடப் புத்தகப்பைக்குள் நிமிர்ந்து இருக்கும், மேலே ஒரு தண்ணிப் போத்தலும் வைக்கலாம். தாங்கிக்கு, கலியாண வீடியோ எடுக்கிற ஒரு அண்ணாவிடம் பழைய வீடியோ முக்காலி வாங்கினோம். நல்ல பாரமானது, ஆனால் மடிச்சால் கட்டை. தலை வழுவழுப்பாகத் திரும்பும். வானத்தில் ஊர்ந்துகொண்டே போற கிரகத்தின் பின்னால் மெல்லமாகத் திருப்ப அது அந்தமாதிரி. ஒரே குறை, தலைக்கு நேர் மேலே நிமிராது. அங்கே நிற்கிறது கொஞ்சம் சரியும்வரை காத்திருக்க வேணும்.

சின்னதை எடுத்ததால் இழந்ததையும் மறைக்கக்கூடாது. கூட வந்த 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் 50 மடங்கு, 10இல் 125. ஆனால் பார்வை வட்டம் ஒடுக்கம், கார்த்திகைக் கூட்டம் முழுதாக அடங்காது. அதற்கு இன்னும் மாமாவின் இருகண் நோக்கிதான். மங்கலான பால்வெளிகளை இது அவ்வளவு காட்டாது. முன்கண்ணாடியில் பனி படியும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லுறது சும்மா இல்லை. கறுப்பு ரபர் விரிப்பைச் சுருட்டி முன்வாயில் தொப்பி மாதிரிப் போட்ட பிறகுதான் தப்பினோம். எங்கட ஈரக் காத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணமும் பிடிக்கும். பார்த்து முடிய நனைஞ்சபடி மூடி வைக்காமல், உலர விட்டு, இறுக்கி மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறோம். கடற்கரையால் வந்தால் கண்ணாடியைத் துணியால் தேய்க்கிறதில்லை, உப்பும் மணலும் கீறும். காத்தடிச்சுப் போக்கிறது மட்டும்தான்.

முதல் பெரிய இரவுக்கு 2025 சிவராத்திரியைத் தெரிவு செய்தோம். மாசி 26. எப்பவும் அமாவாசைக்குக் கிட்ட வாறதால் நிலவு இல்லை, ஊரே முழிச்சிருக்கும், ஒருத்தரும் "படுக்கேல்லையோ" என்று கேட்க மாட்டார்கள். அம்மம்மாவின் வேலணை வீட்டில் இப்போது ஒரு மாமா இருக்கிறார். அம்மம்மாவும் விரதத்தோடு வந்தா. பஸ்ஸில் தொலைகாட்டி மடியில் இருந்தது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை.

பொழுதுபட மேற்கில் வெள்ளிக்கிரகம் பிறைமாதிரித் தெரிஞ்சுது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், "நிலா இல்லை எண்டு சொன்னனீங்கள், இது நிலாதானே" என்று சண்டைக்கு வந்தார்கள். ஒன்பது மணிபோல வியாழன் உச்சியில் இருந்து இறங்கினதும் அதில் திருப்பினோம். ரோகிணிக்குக் கிட்ட நிண்டுது. மண்ணிறப் பட்டிகள் இரண்டு, பக்கத்தில் ஒரே கோட்டில் ஊசிமுனைப் புள்ளிகளாக அதன் நிலவுகள். முதல் யாமப் பூசை முடிஞ்சு வந்த சனம் முற்றத்தில் வரிசை கட்டிச்சுது.

அம்மம்மா விறாந்தைக் கதிரையில்தான் இருந்தா. கூப்பிட்டால் "பிறகு" என்றா. முக்காலியைக் கதிரை உயரத்துக்குப் பதிச்சு, அவவின் காலடிக்கே கொண்டுபோய் வைத்து, வியாழனைத் திரும்பப் பிடிச்சுக் குடுத்தோம். கனநேரம் ஒன்றும் தெரியேல்லை என்றா. பிறகு கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னா.

"இது என்ன பிள்ளை, பக்கத்தில நிக்கிறதுகள்?"

"அதின்ர நிலவுகள் அம்மம்மா."

கண்ணை எடுக்காமல் கேட்டா. "உதில நிண்டு ஆரும் எங்களைப் பாக்கேலாதோ?"

"இல்லை அம்மம்மா. அங்க ஒருத்தரும் இல்லை."

"அப்ப சரி."

திரும்பக் குனிஞ்சா. பின்னால் வரிசையில் நிண்ட பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கும்வரை எழும்பேல்லை.

விடியப்புறம் மூன்று மணிக்குத் தென்சிலுவை நிமிர்ந்து நிண்டுது. அதற்கு இடப்பக்கம் மேலே ஒமேகா சென்ரோரி. ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரத்தில் இலட்சக்கணக்கான வெள்ளிகள் ஒன்றாய்க் கூடின கூட்டம், எங்கட சின்னக் குழாயில் மாவைக் கொட்டின மாதிரிப் பரவிக் கிடந்தது. நாலு மணிக்கு அல்பா சென்ரோரியைப் பிடிச்சோம். கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிஞ்சது 125 மடங்கில் இரண்டாகப் பிரிஞ்சுது. முழிச்சிருந்த ஆறேழு பேரும் ஆளுக்கு ஒருக்கால் பார்த்தோம்.

நீங்கள் ஒன்று வாங்க யோசிச்சால், கடைக்குப் போக முதல் வீட்டில் இருந்து கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்? எதில் கொண்டுபோவீர்கள்? ஆர் தூக்குவார்? முற்றத்தில் கதிரையில் இருக்கிற ஆளுக்கும், முழங்கால் உயரப் பிள்ளைக்கும் கண் எட்டுமோ? ராவில் அதோடு நடந்து வீட்டுக்குத் திரும்பேலுமோ? இதுக்கெல்லாம் விடை கிடைச்ச பிறகு விட்டத்தையும் குவியத்தூரத்தையும் பாருங்கோ. விடை எங்கடதாகவே இருக்க வேணும் என்று இல்லை.

அலுமாரிக்கு மேலே கிடந்த பழையதைப் பற்றியும் கேட்பீர்கள். அதன் 4 மில்லிமீற்றர் பார்வைத்துண்டை விட்டுவிட்டு, 28 மடங்கு தருகிற பெரிய பார்வைத்துண்டைப் போட்டு, கால்களுக்கு நடுவில் ஒரு தண்ணிக் கான் கட்டித் தொங்கவிட்டால் ஆட்டம் குறையுது. சந்திரனுக்கு அது காணும். வேலணைப் பிள்ளைகளிடம் குடுத்துவிட்டோம்.

அடுத்த அமாவாசைக்கு மணற்காடு போறதாக இருக்கிறோம். வாற ஆக்கள் ரோர்ச்சுக்குச் சிவப்பு பொலித்தீன் கட்டிக்கொண்டு வாங்கோ, வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் திரும்ப இருட்டுக்குப் பழக அரைமணித்தியாலம் பிடிக்கும். முதுகு சாய்க்கிற கதிரை ஒன்று இரவல் கிடைத்தால் அதையும் கொண்டுவாங்கோ. அம்மம்மாவும் வாறா.